நிலாவில் சன்ஷேடு வைத்த வீடு

பால் பொங்கி வழிந்துவிட்டால் அம்மா நிலாவுக்குக் குடிபோய்விடுவாள் என்பதால், யுவஸ்ரீ திருத்தணி மலைப்படிகளில் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள். விடியற்காலை ஐந்தேகால். இருநூறாவது படியைத் தாண்டியிருந்தாள். இன்னும் நாற்பது படி ஏறி, வலப்பக்கம் புதர்களுக்கு நடுவே சரிவில் இறங்க வேண்டும். அரை லிட்டர் பால் சின்ன அடுப்பில் பொங்க ஏழெட்டு நிமிஷம் பிடிக்கும், காற்றடித்தால் பத்து. அம்மா அடுப்பை எப்போது பற்றவைத்தாள் என்பது தெரியாததால் இந்தக் கணக்கு எதற்கும் உதவவில்லை. எழுந்து பார்த்தபோது பக்கத்துப் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, சமையல் மேடையில் ஐந்து கிலோ சிலிண்டர் இல்லை, புதுப் பித்தளைப் பாத்திரம் வந்த அட்டைப்பெட்டி காலியாகக் கிடந்தது. அப்படியே ஓடி வந்தவள் வழியெல்லாம் நைனாவுக்குப் போன் போட்டாள். நைனா, அவள் அப்பா கிருஷ்ணன், ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். முதல் ரயிலுக்காக அரக்கோணம் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் நேரம் அது. எடுக்கவில்லை.

சற்று முன், நூறாவது படியருகே கற்பூரக் கடை போடும் வேதாசலம், தார்ப்பாயை உதறிக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "இன்னாமா, உங்கம்மா அப்பவே அடுப்ப தூக்கினு மேல போச்சே. நீ வெறுங்கையோட ஓடற? சக்கர எடுத்துனு வரலியா?" அவள் நிற்காததைக் கண்டு பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "போறவங்க ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறதில்லியா? நாங்கல்லாம் மனுசங்க இல்லியா?" அவர் குரலில் வருத்தம் இருந்தது, ஆச்சரியம் இல்லை. அதற்கு முந்தைய மாதங்களில் இரண்டு வீட்டார் அப்படிக் குடிபோயிருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. யுவஸ்ரீயின் பயமெல்லாம் அது ஒன்றுதான்.

நிலாவில் கட்டிடங்கள் இருப்பதாக முதலில் சொன்னவர்கள் திருத்தணிக்காரர்கள் அல்ல. வெளிநாட்டில் யாரோ சிலர், வீட்டு மாடியில் பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்கள், ஒரு மணி நேரம் ஓடும் படங்களாக அவற்றை எடுத்துப் போட்டார்கள். சாம்பல் நிறத் தரை தெரியும். அதில் ஓரிடத்தில் சிவப்பு வட்டம் வரும். வட்டத்துக்குள் ஒரு கோபுரமோ மேடையோ நிழலோடு நிற்கும். இது இயற்கையாக உண்டானதல்ல, ஏலியன்கள் கட்டியது, அரசாங்கங்களுக்குத் தெரியும், மறைக்கிறார்கள் என்று கனத்த குரல் ஒன்று சொல்லும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையும் செல்போன் சர்வீசும் சேர்த்து நடத்திய ஸ்ரீதர் அந்தப் படங்களைத் தமிழில் பேசித் தன் சேனலில் ஏற்றினான். அவன் குரல் ஆட்டுக்குட்டியின் குரல். ஏலியனைவிடக் குரல்தான் பயமாக இருக்கிறது என்று பார்த்தவர்கள் கீழே எழுதினார்கள். வேதியியல் நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்க வந்த யுவஸ்ரீ, பதினாறு வயதில் நாற்பது வயதுக் குரலோடு, "ரெண்டு பக்கமும் போடுங்கண்ணா" என்று சொன்ன அன்றே, படங்களுக்குப் பேசித்தரும்படி அவன் அவளைக் கேட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், கடைக்குப் பின்னாலிருந்த பேப்பர் குடோனில், வெளிச்சத்தம் பதிவாகாமலிருக்கத் தலைமேல் கம்பளி போர்த்திக்கொண்டு அவள் பேசினாள். 'அதிர்ச்சித் தகவல்' என்பதை அவள் கரண்ட் போகும் நேரத்தை அறிவிப்பதுபோலச் சொன்னாள். அதனாலேயே நம்பினார்கள். அவள் நம்பவில்லை, நம்பாமலும் இல்லை. பிளஸ் ஒன் படிப்பவளுக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை.

இனி கற்களின் விஷயம். சொந்த வீடு வேண்டும் என்று நினைப்பவர்கள் மலையேறும்போது படியோரச் சரிவில் கல்மேல் கல்லாக மூன்று கல் அடுக்கிவிட்டுப் போவது அங்கே பல காலமாக உள்ள வழக்கம். மாடி வேண்டுபவர்கள் நான்கைந்தாக அடுக்குவார்கள். திருவள்ளூர், அரக்கோணத்திலிருந்து வருபவர்களும் நகரி, புத்தூரிலிருந்து வரும் தெலுங்குக்காரர்களும் அடுக்கி அடுக்கி, புதர் மறைக்காத இடங்களில் எல்லாம் சின்னச் சின்னக் கல் வீடுகள் நின்றன. சர்க்கரை ஆலையில் எடைமேடை பார்த்து ஓய்வு பெற்ற ராஜமாணிக்கமும் ஒன்று கட்டியிருந்தார். மகன் வீட்டு ஹாலில் டிவிக்கும் ஷூ ஸ்டாண்டுக்கும் நடுவில் படுத்துத் தூங்கியவர் அவர். தன் கல் வீட்டுக்கு வெளியே ஒரு நீளமான கல்லைச் சாய்த்து வைத்திருந்தார், மாடிப்படி தனியாக வேண்டும் என்பதற்காக. ஒருநாள் பேரனின் போனில் யுவஸ்ரீயின் குரல், 'இது ஏலியன் ஊர்திகள் இறங்கும் சாய்தளம்' என்று சிவப்பு வட்டத்தைக் காட்டியபோது, "அட, இது நம்ம மாடிப்படி!" என்று எழுந்து உட்கார்ந்தார். எடைமேடையில் முப்பது வருஷம் நின்றவர், எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். மறுநாள் மலையேறிப் போய்ச் சாய்ந்திருந்த கல்லை ஒரு சாண் வலப்பக்கம் நகர்த்தி வைத்தார். பத்து நாளில் அடுத்த படம் வந்தது. சாய்தளம் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. படம் எடுத்த வெளிநாட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ராஜமாணிக்கம் நல்ல நாள் பார்த்தார்.

புது வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டும். நிலாவில் அடுப்பு ஏது? அதனால் கல் வீட்டின் முன்னாலேயே மூன்று செங்கல் வைத்துக் காய்ச்சினார். பால் பொங்கி நுரை விளிம்பைத் தாண்டியபோது, கையில் கரண்டியோடு நின்றவர் நின்ற இடத்தில் இல்லை. பேரன் பக்கத்தில்தான் இருந்தான். பிரசாத டப்பாவைத் திறந்து மூடுவதற்குள் நடந்தது என்றான். அன்று சாயங்காலம் நிலாவின் இருட்டுப் பாகத்தில், குண்டூசித் தலையளவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. அடுத்து, திருவாலங்காட்டில் கரும்பு வெட்டும் பாலமுருகன், பெண்டாட்டி பிள்ளைகளோடு போனான். நான்கு பேரும் ஒரே கரண்டியைப் பிடித்திருந்தார்கள், நான்கு பேரும் போனார்கள். கரண்டியைப் பிடித்தவர்கள்தான் போகிறார்கள் என்பது அப்படித்தான் தெரிந்தது. பிள்ளைகளின் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் எழுதும்போது காரணம் என்ற இடத்தில் 'வெளியூர் குடிபெயர்வு' என்று எழுதினார்கள்.

ஏன் நிலாவில் என்று கேட்டவர்களுக்கு வேதாசலம் கடையில் உட்கார்ந்தபடி பதில் சொன்னார். "எல்லாரும் வந்து வீடு வேணும், வீடு வேணும்னு கேட்டுட்டுப் போனாங்க. எந்த ஊர்ல வேணும்னு எவனாச்சும் சொன்னானா? எடம் சும்மா கெடந்த பக்கமா கட்டி வுட்டாச்சு. தப்பு யார் மேல?" அதன் பிறகு கல் அடுக்க வந்தவர்கள் ஊர், தெரு, பின்கோடு எழுதிய சீட்டை அடிக்கல்லுக்குக் கீழே வைத்தார்கள். நகரிக்காரர்கள் மண்டலம், ஜில்லா பெயரும் சேர்த்து எழுதினார்கள். அந்த வீடுகள் எங்கே எழும்பின என்பதற்கு இதுவரை தகவல் இல்லை. மேலே இருப்பவற்றுக்குப் பட்டா கேட்டு இரண்டு மனுக்கள் போயின. தமிழ்நாட்டு அதிகாரியும் ஆந்திரா அதிகாரியும் தங்கள் எல்லைக்குள் வராது என்று ஒரே வாரத்தில் பதில் எழுதினார்கள். அவர்கள் ஒரே கருத்தில் இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

யுவஸ்ரீயின் அம்மா கல்பனா, ஒரு கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி போடுபவள். காலை நாலரைக்குக் கம்பெனி பஸ் ஏறி மாலை நாலுக்கு இறங்குவாள். கல்யாணமான பதினேழு வருஷத்தில் பதினோரு வாடகை வீடுகள். கடைசி வீட்டுக்காரம்மா பூவம்மாள் கெட்டவள் அல்ல, சுவரில் ஆணி மட்டும் அடிக்கக் கூடாது என்பாள். அதனால் கண்ணாடி அரிசி டிரம்மின் மேல் சாய்ந்து நின்றது, காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது, சாமி படங்கள் பிரிட்ஜின் மேல் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நின்றன. மழை வந்தால் வாசலில் நிற்க முடியாது; கதவைத் திறந்தவுடன் தெருதான். பதினோரு வீட்டிலும் அப்படித்தான். ஆகவே கல்யாணமான புதிதில் மலையேறியபோது கல்பனா, மூன்றாவது கல்லாகத் தட்டையான ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு பக்கம் நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்திருந்தாள். நனையாமல் நின்று தெருவைப் பார்க்க ஒரு சன்ஷேடு. கல் ஆடியதால் கிருஷ்ணன் இடுக்கில் ஒரு ஓட்டுச்சில்லைச் செருகினான்.

அந்தத் தட்டைக் கல்லை வெளிநாட்டுப் படம் 'இறங்கு மேடை' என்றது. யுவஸ்ரீ அதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே, கம்பளிக்குள், இடுக்கிலிருந்த ஓட்டுச்சில்லைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு கிருத்திகைக்கும் அம்மா நின்று காட்டிவிட்டுப் போகும் கல் அது. இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அவள் வயதில் யாரால் சொல்லாமல் இருக்க முடியும்? அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மாவை வழியிலேயே நிறுத்தி, "அம்மா, இங்க பாரு, நம்ம வீடு" என்று போனை நீட்டினாள். கல்பனா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். சிரிக்கவில்லை, அழவில்லை. "சன்ஷேடு நல்லா பெருசாதான் வெச்சிகீறாங்க" என்றாள். அதற்கப்புறம் இரண்டு மாதம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தை பிறந்ததும் பூவம்மாள், தன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதென்றும் வீடு வேண்டுமென்றும் சொன்னாள். கல்பனா சரி என்று சொல்லிவிட்டுப் பித்தளைப் பாத்திரம் வாங்கி வந்தாள். வளர்பிறை சஷ்டி என்றைக்கு வருகிறது என்று காலண்டரில் பார்த்தாள். யுவஸ்ரீ அதைப் பார்த்தாள். பார்த்தும், விரதத்துக்காக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தூங்கிப் போனாள்.

சரிவில் இறங்கியபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கல்பனா கல்யாணப் புடவையில் இருந்தாள். காற்றுக்கு மறைப்பாகப் பழைய போர்வையைப் புதரில் கட்டியிருந்தாள். பாலில் ஆடை மடிப்பு விழத் தொடங்கியிருந்தது.

"மூச்சு வாங்குது பாரு. குந்து" என்றாள்.

"அம்மா, அடுப்ப நிறுத்து."

"இன்னாத்துக்கு?"

"போனவங்க யாராச்சும் திரும்பி வந்தாங்களா? சொல்லு, ஒருத்தராச்சும் வந்தாங்களா?"

"அவங்க இன்னாத்துக்குடி வருவாங்க? இங்க யாரு கீறா அவங்களுக்கு? எனக்கு நீ கீற இல்ல." கரண்டியால் ஒருமுறை கலக்கினாள். "போயி எப்டி கீதுன்னு பாத்துட்டு வரேன். தண்ணி வருதா, வெளிச்சம் வருதான்னு பாக்க வாணாமா?"

"நைனாகிட்ட சொன்னியா?"

"சொன்னா அவரு ஆட்டோவ எடுத்துனு வந்து ஹாரன் அடிச்சினு நிப்பாரு."

யுவஸ்ரீக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து, கேஸை நிறுத்தும் திருகின்மேல் கையை வைத்தாள். கல்பனா அதைத் தட்டிவிடவில்லை. கரண்டியின் காம்பை மகள் பக்கமாக நீட்டினாள்.

"புடி. நீயும் வா."

"எனக்குப் பரீட்ச இருக்குதும்மா."

"தெரியும்."

"நைனாக்கு சோறு யாரு போடறது?"

"அதுவும் தெரியும்." கரண்டியை அவள் பின்னுக்கு இழுத்துக்கொள்ளவில்லை. "அன்னிக்குக் கல்லு அடுக்கனப்ப நீ பொறக்கல. ரெண்டு பேருக்குன்னுதான் கேட்டேன். ரூம்பு சின்னதா கீதோ பெருசா கீதோ. இருந்தாலும் வா, பாத்துக்கலாம்."

பால் விளிம்புக்கு ஏறியது. திருகைத் திருப்ப ஒரு விநாடி போதும். அப்போது கல்பனா மெதுவாகச் சொன்னாள். "பதினோரு வீட்லயும் பால் காச்சனேன். ஒரு வீட்லயும் பொங்க வுடல. அடுப்பு கறையாவும், வீட்டுக்காரங்க கேப்பாங்கன்னு, பொங்கறதுக்குள்ள நிறுத்திடுவேன். ஒரு தரம் பொங்கட்டும்டி." யுவஸ்ரீயின் கை திருகின்மேல் இருந்தது. இன்னொரு கை கரண்டிக்கு அரை முழம் தூரத்தில் இருந்தது. இரண்டில் எதையும் அவள் செய்யவில்லை. பால் பொங்கி நான்கு பக்கமும் வழிந்தது, தீ சீறியது, கரண்டி பாத்திரத்தில் விழுந்தது. எதிரே போர்வையும் புதரும் இருந்தன.

வளர்பிறை ஆனதால் அந்த நேரத்தில் வானத்தில் நிலா இல்லை. இருந்திருந்தால் உடனே பார்த்திருக்கலாம். அடுப்பு ஆறும்வரை காத்திருந்து, போர்வையை அவிழ்த்து மடித்து, மிச்சப் பாலோடு பாத்திரத்தையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு யுவஸ்ரீ கீழே இறங்கினாள். வேதாசலம் பாத்திரத்தைப் பார்த்துவிட்டுச் சிலிண்டரைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு அடிவாரம்வரை வந்தார். கிருஷ்ணன் ஏழரைக்கு வந்தான். யுவஸ்ரீ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள், திருகின்மேல் கை இருந்ததை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து ஆட்டோ சாவியை விரலில் மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தான். கடைசியில், "நல்லா பொங்குச்சா?" என்று கேட்டான். "ஆங்" என்றாள். மிச்சப் பாலில் காபி போட்டு இருவரும் குடித்தார்கள். சாயங்காலம் ஆறேமுக்காலுக்கு, மேற்கே ஆறாம் பிறையின் இருட்டுப் பாகத்தில், ராஜமாணிக்கத்தின் விளக்குக்குக் கொஞ்சம் கீழே, புதிதாக ஒரு விளக்கு எரிந்தது. பூவம்மாளும் வெளியே வந்து பார்த்தாள். "மகராசி, சொந்த வீட்டுக்குப் பூட்டாளே" என்று மூக்கைச் சிந்தினாள்.

அந்த மாதக் கடைசியில் அப்பாவும் மகளும் கே.ஜி.கண்டிகையில் டீக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றுக்குப் போனார்கள். கிருஷ்ணன் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டான். ஆட்டோவில் ஏறுகிறவர்கள், "எது அண்ணே அக்கா வீடு?" என்று கேட்டால், வண்டியை ஓரங்கட்டி விரல் நீட்டிக் காட்டிவிட்டு எடுப்பான். பவுர்ணமியன்று வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. அன்று கேட்பவர்களிடம் அமாவாசை கழித்து வரச்சொன்னான். தொலைநோக்கிக்காரர்கள் நல்ல தொலைநோக்கிகளாக வாங்கிக்கொண்டே போனதால் படங்கள் வரவரத் தெளிவாயின. முதலில் கட்டிடங்கள் மட்டும் தெரிந்தன, பிறகு பாலமுருகன் வீட்டுக் கொடியில் பிள்ளைகளின் யூனிபாரம், அதன் பிறகு ஆட்கள். இறங்கு மேடையின் கீழ் ஒரு உருவம் நடமாடுவதாக அந்த ஆனியில் ஒரு படம் வந்தது. ஸ்ரீதர் அதைத் தனியாகப் பார்த்துவிட்டு, அவளைக் கூப்பிட்டு, கடை ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"பாப்பா, இத மட்டும் நானே பேசிடவா?"

"வேணாண்ணா. உங்க குரல்ல பேசினா எங்கம்மாக்கு அவமானம்."

"ஸ்கிரிப்ட மாத்த முடியாது, தெரியுமில்ல? ஏலியன்னு சொன்னாதான் பாப்பாங்க. கல்பனாக்கான்னு சொன்னா எவன் பாப்பான்?"

"எதயும் மாத்த வேணாம். போடுங்க."

கம்பளிக்குள் போனாள். உருவம் சுவரில் ஏதோ செய்துகொண்டிருந்தது. ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தன. வெளிநாட்டுக்காரர் அவற்றைப் பதினான்கு என்று எண்ணி, பூமியின் தொலைத்தொடர்பை ஒட்டுக்கேட்கும் ஆன்டெனாக்கள் என்று முடிவு செய்திருந்தார். அவை ஆணிகள். அம்மா ஆணி அடித்திருந்தாள், ஒரு சுவரில் பதினான்கு ஆணி. எதை மாட்டினாள் என்பது தெரியவில்லை, எடுத்துப் போனது ஒன்றுமில்லை. 'இந்த உயிரினங்களுக்கு மனித உணர்ச்சிகள் கிடையாது' என்று தாளில் இருந்ததை யுவஸ்ரீ ஒரே தடவையில், எங்கும் தடுக்காமல் வாசித்தாள். இரண்டாம் தடவை தேவைப்படவில்லை. படத்தின் கடைசி நிமிஷங்களில் அந்த உருவம் சன்ஷேடுக்கு அடியில் வந்து நின்று, இந்தப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தது. 'நம்மை இடைவிடாமல் கண்காணிக்கிறது' என்றது தாள். அதையும் வாசித்தாள். வீட்டுக்கு வந்து, வேறொரு பெயரில், அது ஆன்டெனா இல்லை ஆணி என்று படத்தின் கீழே எழுதினாள். மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர், உண்மையை மறைக்க உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தார்.

அப்படியே பிளஸ் டூ வந்தது, போனது. ஒவ்வொரு படம் வரும்போதும் அவள் ஒன்றைத்தான் தேடினாள்: அம்மா மூட்டை கட்டுகிறாளா? கட்டவில்லை. செடி வைத்தாள். வாசலில் ஏதோ கோடு போட்டாள். வெளிநாட்டில் அதை ரகசியக் குறியீடு என்று ஆறு வாரம் ஆராய்ந்து புத்தகம் போட்டார்கள். அது எட்டுப்புள்ளிக் கோலம், ஒரு வரிசை தப்பு. ராஜமாணிக்கம் அடிக்கடி அந்தப் பக்கம் வந்து எதையாவது அளந்து பார்த்துவிட்டுப் போனார். எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள். யுவஸ்ரீ பயந்தது அதற்குத்தான். கஷ்டப்பட்டால் வந்துவிடுவாள் என்று நினைக்கலாம். சன்ஷேடுக்குக் கீழே நனையாமல் நிற்கிறவளை, மழையே இல்லாத ஊரில் அப்படி நிற்கிறவளை, எதைச் சொல்லிக் கூப்பிடுவது? இதை அவள் நைனாவிடம் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. திருகின்மேல் கை இருந்ததை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம் கோடை முடிந்து, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாக வந்தார்கள். கே.ஜி.கண்டிகைப் பக்கம் அனுசுயா டீச்சர் வந்தார். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, போனை எடுத்துக் கேள்விகளை ஆரம்பித்தார். சுவர் என்ன, கூரை என்ன, குடிதண்ணீர் எங்கிருந்து, சமையல் எதில். கிருஷ்ணன் சவாரிக்குப் போயிருந்தான். யுவஸ்ரீ எல்லாவற்றுக்கும் தன் நாற்பது வயதுக் குரலில் டக்டக்கென்று பதில் சொன்னாள்.

"வீட்ல மொத்தம் எத்தன பேரும்மா?"

"ரெண்டு மிஸ்." அப்புறம், "மூணு" என்றாள்.

"ரெண்டா, மூணா? சரியா சொல்லு, தப்பா அடிச்சா திரும்ப முதல்லேர்ந்து கேக்குது இது."

"அம்மா மேல இருக்காங்க மிஸ்."

டீச்சர் கூரையைப் பார்த்தார். மாடி கிடையாது. பிறகு வாசல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார், பட்டப்பகலில் அங்கே ஒன்றும் இல்லை என்றாலும். "ஓ, நீ கல்பனா பொண்ணா? சன்ஷேடு வெச்ச வீடு. எங்க மொட்ட மாடிலேர்ந்து நல்லா தெரியுது, அழகா இருக்குது" என்றார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, போனில் உதவி என்ற இடத்தை அழுத்தி, நிதானமாகப் படித்தார். அவருக்கு அந்தக் காலையில் அப்படிப்பட்ட வீடு இது முதலாவது அல்ல. திருவாலங்காடு ரோட்டில் ஒன்றை முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"அங்க கணக்கெடுக்க யார போட்டிருக்காங்கன்னு எங்களுக்குத் தகவல் இல்ல. ஆனா ரெண்டு எடத்துலயும் பேர் வந்துடக் கூடாது, அது தப்பாயிடும்" என்றார். "ஆறு மாசத்துக்கு மேல ஆள் இல்லன்னா இங்க சேக்க முடியாது. ஆனா அடுத்த ஆறு மாசத்துக்குள்ள வந்து இங்கயே இருக்கப் போறாங்கன்னா சேக்கலாம், அதுக்கு எடம் குடுத்திருக்கான்."

அவர் விரல் திரையில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது. டீக்கடையில் யாரோ கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டது. வெளியே வெயில் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது.

"சொல்லும்மா, இன்னும் நாப்பது வீடு பாக்கி. அடுத்த ஆறு மாசத்துக்குள்ள உங்கம்மா வந்துடுவாங்களா?"